அரைப் பாயிண்ட்

ஆட்டோ தெருவுக்குள் திரும்பியதுமே டெய்லர் ஜலீல் பாய் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடிப்பதற்குள் ஜஸீலாவுக்குப் பாதி உயிர் போயிருந்தது. பஸ்ஸின் வயிற்றுக்குள்ளிருந்து இரண்டு நாற்காலிகளை இறக்க வேண்டும். ஒன்று அன்றாடம் உட்கார்ந்து புழங்கும் சக்கர நாற்காலி. இன்னொன்று கூடைப்பந்து ஆடுவதற்கானது. அதன் சக்கரங்கள் மேலே நெருங்கிக் கீழே அகன்று, காலை விரித்து நிற்கும் ஆள் போல இருக்கும். எந்த ஆட்டோவுக்குள்ளும் முழுசாக நுழையாது. சக்கரங்களைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தெருவில் அதற்குப் பெயர் பந்து வண்டி.

"என்னம்மா, பாயிண்ட்டு ஏறிருச்சாம்ல," என்றார் ஜலீல் பாய். "மாஷா அல்லாஹ். தம்ரூட்டும் பிரமாதம். ஒங்கம்மா கைப்பக்குவம் யாருக்கு வரும்."

ஜஸீலா சிரித்து வைத்தாள். அடுத்த வாசலில் ஒரு பெண் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "பாயிண்ட்டு மூணாயிருச்சாமே," என்று கேட்டாள். அதற்கும் சிரித்து வைத்தாள். வீடு வந்து சேர்வதற்குள் தெரு முழுவதற்கும் தம்ரூட் போயிருக்கிறது என்பது தெளிவாகிவிட்டது. ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்து, மூடியின் மேலும் கங்கு போட்டு அம்மா வேகவைக்கும் அந்தப் பலகாரம் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும்தான் அந்த வீட்டில் நடக்கும். ஜஸீலா முதன்முதலாக இந்திய அணியில் ஆடப் போனபோதுகூட நடக்கவில்லை. அன்றைக்குத் தெரு இளைஞர்கள் பிளெக்ஸ் வைத்தார்கள், அதோடு சரி. அதிலும் நாற்காலி தெரியாதபடி தோளோடு வெட்டிய படத்தைப் போட்டிருந்தார்கள். பார்ப்பவர்கள் அவளை ஏதோ கவுன்சிலர் வேட்பாளர் என்று நினைத்திருக்கக்கூடும்.

விஷயம் இதுதான். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாயிண்ட் உண்டு. அது எடுத்த கோலுக்குக் கொடுப்பதல்ல, உடம்புக்குக் கொடுப்பது. நெஞ்சுக்குக் கீழே எதுவும் அசையாதவருக்கு ஒன்று. கிட்டத்தட்ட எல்லாம் சரியாக இருப்பவருக்கு நாலரை. மற்றவர்கள் எல்லோரும் நடுவில். களத்தில் இறங்கும் ஐந்து பேரின் பாயிண்டையும் கூட்டினால் பதினாலைத் தாண்டக் கூடாது. திடகாத்திரமான ஐந்து பேரை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்து எவனும் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக யாரோ ஒரு நல்ல மனுஷன் போட்ட விதி. அதனால் இந்த ஆட்டத்தில் பாயிண்ட் குறைந்தவருக்குத்தான் கிராக்கி. ஜஸீலா ஆட ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டரை. ஆனால் ஆடுவது மூன்றரை ஆள் ஆட்டம். இரண்டரைக்கு அவளைப் போல ஒருத்தி நாட்டில் கிடையாது என்று பயிற்சியாளர் அழகுராஜா சார் எந்த ஊர் மேடையிலும் கூசாமல் சொல்வார். அந்த இரண்டரைக்குள் அடங்கியிருந்ததுதான் அவளுடைய பத்து வருஷப் பெருமையும், இந்தியச் சட்டையும், தாய்லாந்தில் ஜெயித்த அந்த ஒரே ஒரு ஆட்டமும்.

இப்போது போய்விட்டு வந்த இந்திய அணியின் பயிற்சி கேம்ப்பில் அது மூன்றாகிவிட்டது. உடம்பைப் பரிசோதித்துப் பாயிண்ட் போடும் டாக்டர் அம்மா, பாலக்காட்டுக்காரர், களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து இடப்பக்கம் ஓடியது. ஜஸீலா அப்படியே இடப்பக்கம் சாய்ந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்து, சக்கரத்தைத் தொடாமலே நிமிர்ந்துவிட்டாள். கூட ஆடியவர்கள் கைதட்டினார்கள். அவளுக்குமே அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் சொன்னார்கள், இனிமேல் மூன்று என்று. அவள் ஆடும் ஐந்து பேர் கூட்டணி பதினாலரையாகி உடைந்தது. மூன்றில் ஏற்கெனவே ஒரு பஞ்சாப்காரி இருக்கிறாள். நல்ல உயரம், நல்ல வயசு.

ஆற்றாமையில் அன்றைக்கு அம்மாவுக்கு போன் போட்டு, "பாயிண்ட்டு ஏறிருச்சும்மா, ரெண்டரை மூணாயிருச்சு," என்றாள். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு குரல். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள் அம்மா. மகளுக்கு அழ வாய் திறப்பதற்குக்கூட அவகாசம் தரவில்லை.

இப்போது புரிந்தது. பரீட்சையில் மார்க் ஏறுவது போல ஏதோ ஏறியிருக்கிறது என்று நினைத்து ஊருக்கே இனிப்புக் கொடுத்திருக்கிறாள். அம்மா சைனப் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவள் இல்லை. கோபிப்பதா சிரிப்பதா என்று தெரியாமல் ஜஸீலா வாசல் சரிவில் நாற்காலியை ஏற்றினாள். அம்மா ஒரு தட்டில் இரண்டு துண்டு எடுத்து வைத்திருந்தாள். ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று இருந்தது. ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் தின்றாள். விளக்கிச் சொல்லி அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை அணைக்க அன்றைக்கு அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு அழகுராஜா சார் வந்திருந்தார். நல்ல மனிதர். ஒரு காலத்தில் மாநில அளவில் ஓடி ஆடியவர். முழங்கால் போனதும் பயிற்சியாளர் ஆனார். நாற்காலி ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாமல் வந்து, இந்தப் பெண்களோடு பெண்களாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அவர் நேரே பார்க்காமல் பேசினால் ஏதோ சங்கடமான விஷயம் என்று அர்த்தம். அன்றைக்குக் கூடையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மறுபரிசோதனை கேட்டுருக்கேன் ஜஸீலா. தென்மண்டலப் போட்டி இங்கதான நடக்குது. அந்த டாக்டரம்மாவே வாராங்க, அப்பப் பாத்துருவோம்னுட்டாங்க."

"பாத்தா என்ன சார், மூணுதான் வரும்."

"வராம இருக்கவும் வாய்ப்பிருக்கு." விசில் கயிற்றை விரலில் சுற்றினார். "நான் ஒன்னய ஏமாத்தச் சொல்லலம்மா. அன்னைக்கு ஏதோ வேகத்துல எந்திரிச்சுட்ட, எப்பவும் அப்படி வராதுல்ல. இடது பக்கம் சாயச் சொன்னா, கைய ஊனி எந்திரி. அம்புட்டுத்தான். ரெண்டரைன்னா மறுபடி தாய்லாந்துக்குப் போற இந்திய டீமுக்கு நீதான் கேப்டன். மூணுன்னா பெஞ்சுலகூட எடம் சொல்ல முடியாது. ஒனக்கும் முப்பத்திரண்டாச்சு."

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகு அவருக்கே கஷ்டமாகிவிட்டது. ஆஸ்பத்திரி வேலைக்கு நேரமாகுதா என்று சம்பந்தமில்லாமல் கேட்டுவிட்டு, பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். ஜஸீலா ஒரு கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயர் பதியும் கவுண்டரில் இருக்கிறாள். அங்கே போக இன்னும் நேரம் இருந்தது.

எல்லாவற்றையும் மீனா கேட்டுக்கொண்டிருந்தாள். கீழக்குயில்குடிப் பெண். வெள்ளாமை செய்யும் குடும்பம். ரிங் ரோட்டில் ஒரு டிப்பர் லாரி அவள் ஸ்கூட்டியைத் தட்டியதிலிருந்து நெஞ்சுக்குக் கீழே எதுவும் கிடையாது. அணியில் அவளுக்கு ஒரு பாயிண்ட். கோல் போட மாட்டாள். எதிராளியின் நாற்காலியை மறித்து வழி உண்டாக்கித் தருவதுதான் அவள் வேலை. அந்த வழியில்தான் ஜஸீலா போவாள். "நான் இல்லாட்டி நீங்க நாலு பேரும் பதினாலுக்குள்ள அடங்க மாட்டீங்கடி," என்று அவள் மிரட்டுவது வழக்கம்.

"சாரு சொல்றதுல தப்பில்லக்கா," என்றாள் மீனா. "அந்தப் பஞ்சாப்காரி நான் மறிக்கிறதுக்கு முன்னாடியே போயிருவா. அவ கூட ஆட எனக்குப் பிடிக்கல."

"அப்ப விழச் சொல்ற."

"விழுந்துட்டுப் போயேன். இத்தன வருசம் விழுந்தவதான நீ."

உண்மைதான். ஆரம்பத்தில் ஜஸீலா இடப்பக்கம் சாய்ந்தால் மூட்டை சரிவது போல நாற்காலியோடு சரிவாள். போலியோ அவளுடைய கால்களோடு நிற்காமல் இடுப்பின் இடது பாதியையும் கொஞ்சம் கொண்டுபோயிருந்தது. எதிரணிக்கு அது தெரியும். பந்தை அந்தப் பக்கமே போடுவார்கள். அதைச் சகிக்க முடியாமல்தான் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, சாய்வதும் எழுவதுமாகத் தனியே கிடந்தாள். முதலில் இடுப்பு வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு சாய்ந்தாள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். எந்தத் தசை எழுந்தது, எது எதற்குக் கைகொடுத்தது என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் உடம்பு தானாக நிமிர்ந்தது. இதற்காகத் தன்னைக் களத்தைவிட்டு வெளியே தள்ளுவார்கள் என்று தெரிந்திருந்தால் அத்தனை பாடுபட்டிருப்பாளா என்று இப்போது யோசித்துப் பார்த்தாள். பதில் தெரியவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"சரி, சாஞ்சு காட்டு," என்று மீனா பந்தை அவளுக்கு இடப்பக்கமாக நீட்டினாள்.

ஜஸீலா சாய்ந்தாள். கையை ஊன்ற வேண்டும் என்று நினைப்பதற்குள் நிமிர்ந்திருந்தாள். மறுபடி சாய்ந்தாள். மறுபடியும் அதேதான். உடம்பு நாடகம் தெரியாத உடம்பாக இருந்தது. இன்னொரு முறை, கையை முன்கூட்டியே சக்கரத்தில் வைத்துக்கொண்டு சாய்ந்தபோது முகத்தை அவ்வளவு பாவமாக வைத்துக்கொண்டாள் என்று மீனா சிரித்த சிரிப்பில், மீனாவின் நாற்காலியே பின்னால் உருண்டது.

"இப்படி இல்லக்கா. இடுப்ப விட்டுரு."

"எப்படி விடுறது?"

"எனக்கென்ன தெரியும். எனக்கு விடுறதுக்கு ஒண்ணுமே இல்ல. நீதான் விடணும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகு மீனா பந்தை மடியில் வைத்து, அதன் தூசியைக் கையால் துடைத்தாள்.

"எனக்கு மட்டும் அரைப் பாயிண்ட்டு ஏறுச்சுன்னு வச்சுக்க, எங்கய்யா ஊருக்கே கெடா வெட்டுவாரு," என்றாள். "நீ என்னடான்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அலையிற." அதை அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உடனே, "சாஞ்சு காட்டு, இன்னொருக்கா பாப்பம்," என்று பந்தை நீட்டினாள். அந்த வாரம் முழுக்க நீட்டினாள். வாரக் கடைசியில் ஜஸீலாவுக்கு நன்றாகவே விழ வந்துவிட்டது.

போட்டிக்கு இரண்டு நாள் முந்தி, ராத்திரிச் சமையலுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். இனிமேலும் தெருவில் யாராவது மாஷா அல்லாஹ் சொன்னால் தாங்காது என்று தோன்றியிருந்தது.

"அம்மா, பாயிண்ட்டுன்னா மார்க்கு இல்லம்மா. ஏறுனா நல்லதும் இல்ல."

"மார்க்குன்னு நான் நெனச்சேன்னு யாரு ஒனக்குச் சொன்னா?"

ஜஸீலா நிமிர்ந்து பார்த்தாள். அம்மா பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொத மொதல்ல நீ ரெண்டரைன்னு வந்து சொன்னப்ப, அதென்ன அரைன்னு கேட்டேன். ஒடம்பு எம்புட்டுக் கேக்குதோ அம்புட்டும்மான்னு நீதான் சொன்ன. ஒனக்கு மறந்துருச்சு. எனக்கு மறக்குமா?" ஒரு பல்லை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். "காய்ச்சல் வந்தப்ப ஒனக்கு ஒன்றரை வயசு. பெரிய டாக்டர் பாத்துட்டு, இருக்கிறது எறங்காமப் பாத்துக்கங்க, ஏறும்னு எதிர்பாக்காதீங்கன்னாரு. நானும் எதிர்பாக்கல. தர்காவுக்குப் போனாக்கூட எம்புள்ள நடக்கணும்னு கேட்டதில்ல. எறங்கிராம இருக்கணும்னுதான் கேப்பேன். ஏறிருச்சுன்னு என்னைக்காச்சும் ஒரு டாக்டர் வாயில வந்துச்சுன்னா தெருவுக்கே தம்ரூட் குடுக்குறதா ஒரு நேர்ச்ச வச்சிருந்தேன். ஒங்கத்தாட்டகூடச் சொன்னதில்ல. சிரிப்பாரேன்னு."

பெற்ற அத்தா மௌத்தாகி, அடக்கம் செய்து நாலு வருஷம் ஆகிறது. ஜஸீலா ஒரு பூண்டை எடுத்துத் தானும் உரிக்க ஆரம்பித்தாள். அம்மாவுக்குப் புரியாது என்று இத்தனை நாள் இரக்கப்பட்டுக்கொண்டிருந்த தன்மேல் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பதினாலைப் பற்றிச் சொன்னாள். பஞ்சாப்காரியைப் பற்றி, தாய்லாந்தைப் பற்றி, சார் சொன்னதைப் பற்றிச் சொன்னாள். அம்மாவின் கை மெல்ல நின்றது.

"பதினாலுன்னு ஒண்ணு இருக்குன்னு நீ சொல்லலயே," என்றாள்.

"சொல்லலதான்."

"அப்ப ஏறுனதால ஒன் எடம் போகுது."

"போகும் போலத்தான் இருக்கு."

அடுப்பில் உலை கொதித்து மூடியைத் தூக்கியது. அம்மா எழுந்து போய்த் தணித்துவிட்டு வந்தாள்.

"அந்தம்மா முன்னாடி எறங்கிருச்சுன்னு காட்டப் போற," என்றாள். கேள்வி போலவும் இல்லை, குற்றம் போலவும் இல்லை. "காட்டிக்க. ஒன் ஆட்டம். எனக்கு அதுல என்ன தெரியும்." பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் வரலாமா?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"ஏறிருச்சுன்னு சொன்ன அந்தம்மாவ நான் ஒருக்கா பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல ஜஸீலாவுக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அம்மா ஒரு ஆட்டத்துக்குக்கூட வந்ததில்லை. மகள் கீழே விழுவதைப் பார்க்க முடியாது என்று ஒருமுறை சொல்லியிருந்தாள்.

பரிசோதனை நடந்தது போட்டிக்கு இடம் கொடுத்த கல்லூரியின் உள்ளரங்கில், ஒரு மூலையில். காலை வெயில் உயரத்து ஜன்னல்கள் வழியாகத் தரையில் நீளநீளமாக விழுந்திருந்தது. மீனா தன் நாற்காலியில் சுவரோரம் இருந்தாள். அழகுராஜா சார் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு எங்கே நின்றாலும் கூடையைப் பார்த்து நிற்கத்தான் தோன்றும். பாலக்காட்டு டாக்டர் அம்மா இன்னும் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, கருப்பு புர்கா சரசரக்க சைனப் நேரே அவர் முன்னால் போய் நின்றாள். பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தாள். அரங்கு முழுக்க நெய் மணத்தது.

"நீங்கதான ஏறிருச்சுன்னு சொன்னவங்க," என்றாள். "சாப்பிடுங்கம்மா."

சாருக்கு வேர்த்துவிட்டது. பரிசோதிக்க வந்தவரிடம் பலகாரம் நீட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். அவர் ஓடி வருவதற்குள் டாக்டரே பின்வாங்கினார்.

"இது இப்ப வாங்கக்கூடாதுங்க. ரூல்ஸ் இருக்கு."

"லஞ்சம் இல்லம்மா. நேர்ச்ச," என்றாள் சைனப். "எல்லாருக்கும் குடுத்தாச்சு. ஒங்களுக்குத்தான் பாக்கி."

டாக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நேர்ச்ச என்ற அந்த வார்த்தை அவர் ஊரிலும் இருக்கும். "டெஸ்ட் முடியட்டும் உம்மா. முடிஞ்சதும் சாப்பிடறேன், கண்டிப்பா," என்றார். சைனப் தலையாட்டிவிட்டு, வாசல் பக்கம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். முன்னால் குனிந்து எழுந்தாள். இருபுறமும் திரும்பினாள். வலப்பக்கம் சாய்ந்து பந்தை வாங்கி நிமிர்ந்தாள். இதிலெல்லாம் ஒளிக்க ஒன்றும் இல்லை. கடைசியாக டாக்டர் இடப்பக்கம் வந்து, சாயாமல் எட்ட முடியாத தூரத்தில் பந்தை நீட்டினார்.

"ரெண்டு கையாலயும் வாங்கணும். வாங்கிட்டு நிமிருங்க. முடியலன்னா சக்கரத்தப் பிடிச்சுக்கலாம், தப்பில்ல."

ஜஸீலாவின் இடது கை சக்கரத்தின் மேல் இருந்தது. ஒரு வாரமாகப் பழகிய இடம். சுவரோரம் சாரின் விசில் கயிறு விரலில் சுற்றுவதும் அவிழ்வதுமாக இருந்தது. மீனா பார்வையைத் தரையில் போட்டிருந்தாள். தாய்லாந்து அரங்கின் நீல நிறத் தரை ஜஸீலாவின் கண்ணில் ஒருமுறை வந்து போனது. கேப்டன் என்று அழைத்து முதலில் அவளைத்தான் உள்ளே அனுப்புவார்கள். அந்தக் கணத்தின் ஆசை உடம்பெல்லாம் வலித்தது. விழ வேண்டும் என்றுதான் அவள் மூச்சை இழுத்தாள்.

சாய்ந்தாள். எப்போதும் விழுகிற அந்த இடம் வந்தது, அதைத் தாண்டியும் உடம்பு போனது. பந்தின் சொரசொரப்பு உள்ளங்கையில் பட்டபோதுதான், இரண்டு உள்ளங்கையிலும் அது படுவதை உணர்ந்தாள். சக்கரத்தில் யாருடைய கையும் இல்லை. தலை கிட்டத்தட்டத் தரைக்குப் படுக்கையாக இருந்தது. அப்படியே, நிமிர்வதற்கு முந்தின அந்த நொடியில், டாக்டரின் கைக்கு அடியில் வாசல் தெரிந்தது.

அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா மகள் சாய்ந்த பக்கமாகவே முழுக்கச் சாய்ந்திருந்தாள். நாற்காலியின் ஒரு கால் தரையை விட்டுத் தூக்கியிருந்தது. டப்பா மடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. அதையும் பிடிக்காமல், எதையுமே பிடிக்காமல், இரண்டு கையையும் வெறும் காற்றில் நீட்டிக்கொண்டு இருந்தாள்.